துரையின் நாவலில் 'போயிட்டு வாரேன்'

சமீபத்தில் ஈப்போவில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். இளம் ஆசிரியர் ஒருவர் பேசினார். மேல்நாட்டில் புதுமாதிரியாக எழுதப்படும் நாவல்கள் பலவற்றுக்கு அடியில் பழைய கிரேக்கக் கதைகள் ஓடுகின்றன, அதைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் தலையும் புரியாது வாலும் புரியாது என்றார். முடிவைக்கூட வேண்டுமென்றே திறந்துவிட்டுவிடுவார்களாம். கடைசியில், "உங்களில் யாராவது அப்படி ஒரு நாவலைப் படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. நான் படித்ததில்லை, டைப் அடித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றா வேறா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

வெளியே வரும்போது பக்கத்தில் வந்த, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் இளம் கிராணி ஒருவரிடம் இதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டார். "நம்ம கிராணிமார் சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கண்ணே, உங்க காலத்துல ஆபீஸ் வேலை எப்படி இருந்துச்சுன்னு பிள்ளைங்க தெரிஞ்சிக்கட்டும் லா" என்றார். அவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. அண்ணன் என்று கூப்பிட்டதற்காகவே ஒப்புக்கொண்டேன். தெளிவாக எழுதுவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கே குழப்பமான விஷயம் இது.

பிறந்தது, மிஷன் பள்ளியில் படித்தது எல்லாம் ஈப்போவில்தான். பிறகு ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியாரிடம் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். முற்றுப்புள்ளி விட்டுப்போனால் விரல் கணுவில் அடிமட்டத்தால் ஒன்று போடுவார். முற்றுப்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாவிட்டால் இன்னொன்று. பயிற்சி முடிந்தபோது வேறு எதில் தேறினேனோ இல்லையோ, முற்றுப்புள்ளி வைப்பதில் தேறியிருந்தேன். பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் கழித்து, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்தில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன்.

அந்தத் தோட்டத்துத் துரையும் சண்டைக்குப் போய் வந்தவர்தான். ஒல்லியான உருவம், மெல்லிய குரல். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போதுகூடக் கத்தமாட்டார். கத்தாத துரையை நம்பலாமா என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. மற்ற துரைமார் நாலு வருஷத்தில் தமிழில் திட்டக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். இவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொல், 'போ', 'வா'. மீதி எல்லாவற்றுக்கும் நான் வேண்டும்.

ரப்பர் பாலை நிறுத்து முடிந்து, ஆபீஸ் வேலையும் ஓய்ந்த பிறகு சாயங்காலம் பங்களாவுக்கு வரச் சொன்னார். வராந்தாவில் டைப்ரைட்டர் இருந்தது. பக்கத்தில் பென்சிலால் கிறுக்கிய தாள்கள் ஒரு கட்டு. நாவல் எழுதுகிறாராம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துரைமார் நாவல் என்றால் புலி வரும், துப்பாக்கி வரும், வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி மயக்கம் போட்டு விழுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இளையவர்களுக்காக வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். மேலே நல்ல தாள். அதற்குப் பின்னால் கார்பன் மைத்தாள், பளபளப்பான பக்கம் பின்னோக்கி இருக்க வேண்டும். அதற்கும் பின்னால் பிரதிக்கு மெல்லிய தாள். மூன்றையும் சேர்த்து மேஜையில் தட்டி விளிம்பை ஒன்றாக்கி உருளையில் விட வேண்டும். மைத்தாளைத் திருப்பி வைத்துவிட்டால் போச்சு, நல்ல தாளின் முதுகிலேயே எழுத்து இடம்வலம் மாறி விழும். முதல் வாரமே அப்படி ஒரு தாள் கெட்டுப்போனது. கிழிக்கப் போனேன். துரை அதை வாங்கிக் கண்ணாடிக்கு முன் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இதை இப்படியே வைத்துக்கொள். நாவலில் சேர்க்கலாம்" என்றார். எனக்குச் சம்பளம் கொடுப்பவர் இவர்தானே என்ற கவலை வந்துவிட்டது.

அடுத்த வம்பு முற்றுப்புள்ளி. அவர் எழுதியதில் பக்கம் பக்கமாகத் தேடினாலும் ஒன்றுகூட இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்து, வாத்தியாரை மனதில் வணங்கிக்கொண்டு, நானே நல்ல இடமாகப் பார்த்து வைத்துக் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் ரப்பரால் பொறுமையாக அழித்தார். எங்கள் தோட்டத்து ரப்பராகவே இருக்கலாம். "மனிதன் நினைக்கும்போது புள்ளி வைத்தா நினைக்கிறான்?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். நான் புள்ளி வைத்துத்தான் நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

கதை இதுதான். கிரேக்க தேசத்தில் பழங்காலத்து ராஜா ஒருவன் சண்டைக்குப் போகிறான். சண்டை முடிந்தும் கடலில் வழி தவறி, வருஷக்கணக்காக வீடு வந்து சேரவில்லை. வழியில் ஒற்றைக் கண் அரக்கனிடம் மாட்டுகிறான். தின்றவன் ஊரையே மறந்துவிடுகிற ஒரு பழம் விளையும் நாட்டுக்குப் போகிறான். வீட்டில் அவன் பெண்டாட்டி காத்திருக்கிறாள். அவன் செத்துவிட்டான், எங்களில் ஒருவனைக் கட்டிக்கொள் என்று ஆண்கள் வந்து வாசலில் குந்திக்கொள்கிறார்கள். அவர்கள் பெயரெல்லாம் என் வாயில் நுழையாது. டைப் அடிக்கும்போது எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்ததோடு சரி.

இந்தப் பழங்கதையை லண்டனில் இப்போது புதுவிதமாக எழுதுகிறார்கள் என்றார் துரை. ராஜா ராஜாவாக வரமாட்டானாம். தெருவில் போகிற சாதாரண ஆளாக வருவான், தான்தான் அந்த ராஜா என்று அவனுக்கே தெரியாது. அந்த மாதிரி புத்தகங்கள் அவருக்குக் கப்பலில் பார்சலாக வரும். "அவர்கள் பட்டணத்தை வைத்து எழுதுகிறார்கள். நான் இந்தத் தோட்டத்தை வைத்து எழுதுகிறேன்" என்றார். கள்ளுக்கடைதான் மறதிப் பழம் விளையும் நாடு. அது எனக்கே பொருத்தமாகப் பட்டது. ஒற்றைக் கண் அரக்கன் யார் என்று பார்த்தால் எங்கள் கங்காணி. பாவம், அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. அதற்குப் பிறகு பெரட்டில் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கத் தோன்றியது.

அந்த ராணிதான் பாக்கியம்.

பாக்கியம் எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். நறுக்கென்று பேசுவாள், பால் வாளியைச் சிந்தாமல் கொண்டுவருவாள். அவள் புருஷன் மாரிமுத்து, ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் தென்னந்தோட்டத்தில் நல்ல வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று கிளம்பியவன். வருஷம் இரண்டு ஆகியும் தகவல் இல்லை. லயத்தில் தனிப் பெண்ணுக்குக் காம்பரா, அதாவது குடியிருக்கும் அறை, கிடையாது. குடும்பத்துக்குத்தான். ஆகவே கங்காணி தன் மச்சானோடு அவளைச் சேர்த்துவைக்கப் பார்த்தார். அவள் சம்மதிக்காவிட்டால் காம்பராவை விட வேண்டும். அதை விட்டால் அவளுக்கு இந்த நாட்டில் படுக்க வேறு இடம் இல்லை.

நாவலில் அவள் பெயர் ஒரு பக்கத்தில் பாக்கியம் என்று இருக்கும். மறுபக்கத்தில் அந்தக் கிரேக்க ராணியின் பெயர் இருக்கும். பிறகு பெயரே இல்லாமல் 'அவள்' என்று மட்டும் இருக்கும். கைத்தவறு என்று நினைத்துத் துரையிடம் காட்டினேன். "தவறில்லை. அவள் இரண்டு பேரும்தான்" என்றார்.

ஒருநாள் துரை என்னிடம் விசித்திரமான வேலை ஒன்று கொடுத்தார். அந்தக் கிரேக்கக் கதையைப் பாக்கியத்துக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அவள் என்ன சொல்கிறாள் என்று வந்து சொல்ல வேண்டும். பால் கொட்டகை ஓரமாக அவள் வாளி கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். கழுவுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அந்த ராஜா கடைசில வந்தாரா கிராணி?"

"வந்தாராம்."

"எத்தினி வருஷம் செண்டு?"

"இருபது."

"அதுவரைக்கும் அந்தப் பொம்பளைய யாரும் காம்பராவ விட்டுப் போகச் சொல்லலயா?"

"அவ ராணி, பாக்கியம். அரமனை அவளோடது."

"அப்ப இருக்கலாம் லா" என்றாள்.

இதை அப்படியே துரையிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தையில் கங்காணியை அடக்கக்கூடிய மனிதர், அதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

இனி வருவதுதான் என்னை இன்றும் குழப்புவது. அந்த ராணி ஒரு தந்திரம் செய்வாள். மாமனாருக்குக் கோடித்துணி நெய்கிறேன், அது முடிந்ததும் உங்களில் ஒருவனைக் கட்டிக்கொள்கிறேன் என்பாள். பகலில் நெய்ததை ராவில் பிரித்துவிடுவாள். துணி முடியாது. இங்கே பாக்கியம் என்ன செய்தாள் என்றால், அம்மனுக்கு ஒரு மண்டலம் விரதம் பிடித்திருக்கிறேன், விரதம் முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று கங்காணியிடம் சொன்னாள். விரதம் பாதிக்கு வந்ததும் லயத்தில் யார் வீட்டிலாவது சாவு விழும், அல்லது குழந்தை பிறக்கும். "தீட்டுப் பட்டிருச்சு, முதல்லேருந்து பிடிக்கணும்" என்பாள். கங்காணி எதையும் மீறுவார், அம்மனை மீறமாட்டார். தோட்டத்திலோ வாரத்துக்கு ஒரு தீட்டுக்குக் குறைவில்லை.

துரையிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "துணி நெய்கிற பகுதியை நீ அவளுக்குச் சொன்னாயா?"

நான் யோசித்தேன். சொன்னதுபோலவும் இருந்தது. அவள் வாளியைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போன பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுபோலவும் இருந்தது. சொன்னேன் என்றால் அவள் கேட்டுச் செய்தது. சொல்லவில்லை என்றால் மூவாயிரம் வருஷத்துக் கதை தானாக எங்கள் லயத்துக்கு நடந்து வந்துவிட்டது என்று துரை எடுத்துக்கொள்வார். "நினைவில்லை துரை" என்றேன். உண்மையும் அதுதான். அவர் அந்த வாரம் முழுக்க வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். பிறகொரு நாள் நான் பாக்கியத்திடமே கேட்டேன். "எந்தத் துணி?" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

கங்காணி பொறுமை இழந்தார். ஆபீசுக்கே வந்து பிராது கொடுத்தார். துரை மேஜைக்குப் பின்னால், கங்காணி ஒரு பக்கம், பாக்கியம் ஒரு பக்கம், நடுவில் மொழிபெயர்க்க நான். பாக்கியத்தின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"துரை, இவ புருசன் ஓடிட்டான். காம்பரா சும்மா கிடக்கு. என் மச்சான் நல்ல ஆளு. அவனோட இருக்கட்டும், இல்ல வெளிய போகட்டும்" என்றார் கங்காணி.

துரை பாக்கியத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். புருஷன் கிளம்பும்போது கடைசியாக என்ன சொன்னான்?

பாக்கியம் முறுக்கிய முந்தானையை விட்டாள். பிறகு, "போயிட்டு வாரேன்னு சொன்னாரு" என்றாள்.

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதுதான் எனக்குப் பழக்கம். 'நான் போகிறேன், வருகிறேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். துரை பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நிற்பதை அன்றுதான் பார்க்கிறார். "போ. வா. இரண்டும் சேர்ந்தா?" என்றார். "அப்படியானால் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்."

கங்காணிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. "அது எல்லாரும் சொல்றதுதான் துரை. ஆத்துக்குக் குளிக்கப் போறவன்கூட அதைத்தான் சொல்லுவான்" என்றார்.

இதையும் நான் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தால் அவள் காம்பரா போகும். மொழிபெயர்க்காவிட்டால் என் வேலைக்கு என்ன அர்த்தம்? பாக்கியத்தைப் பார்க்காமல் அப்படியே சொன்னேன்.

துரை சிரித்தார். "அப்படியானால் இந்தத் தோட்டத்தில் எல்லோருமே வாக்குக் கொடுத்தவர்கள்தான்" என்றார். காம்பரா பாக்கியத்துக்கே என்று தீர்ப்பானது. கங்காணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, பழக்கதோஷத்தில், "போயிட்டு வாரேன் துரை" என்றார். துரை அதைக் கேட்டு மெய்ம்மறந்து எழுந்து நின்றார். பெரிய மரியாதை கிடைத்துவிட்டதாக நினைத்துக் கங்காணியும் இன்னொரு கும்பிடு போட்டார்.

பாக்கியம் வெளியே வாசலில் போகாமல் நின்றாள். நானும் வெளியே வந்தேன்.

"கிராணி, அவரு அப்படிச் சொல்லல."

"என்ன சொல்லல?"

"வாரேன்னு சொல்லல. போறேன்னுதான் சொன்னாரு. அன்னைக்கு எங்களுக்குள்ள சண்டை. துணி மூட்டைய எடுத்துக்கிட்டு, போறேன்னாரு. அவ்வளவுதான்."

"பின்னே ஏன் உள்ள அப்படிச் சொன்ன?"

"ஆபீசுக்குள்ள நின்னு அந்தச் சொல்ல எப்படிங்க சொல்றது? வாய் வரல" என்றாள்.

அதுவும் சரிதானே. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது தவிர, 'போறேன்' என்று ஒற்றையாகச் சொல்லிவிட்டு யார் போகிறார்கள்? பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வதற்குக்கூட நாக்கு கூசும். ஆனால் துரை அன்று சாயங்காலமே புது அத்தியாயம் தொடங்கிவிட்டார். 'நான் போகிறேன் வருகிறேன் நான் போகிறேன் வருகிறேன்' என்று பக்கம் நிறைய, முற்றுப்புள்ளி இல்லாமல். நான் அடித்துக்கொண்டே போனேன். அவனும் சொல்லாத, அவளும் நம்பாத ஒரு சொல் இங்கிலாந்துக்குப் போகப் போகிறது என்று நினைக்க அழுகையும் சிரிப்பும் வந்தன. துரையிடம் சொல்லவில்லை. சொன்னால் காம்பரா என்னாகும்?

நாவல் முடியவில்லை. ராஜா வருகிறானா இல்லையா என்று துரை பல தாள்கள் எழுதிக் கிழித்தார். ஒரு தாளில் வந்தான், மறு தாளில் வரவில்லை. இன்னொன்றில் வந்தான், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "துரை, பழைய கதையில் வருகிறானே" என்றேன். "சண்டையிலிருந்து யாரும் அப்படி வருவதில்லை" என்றார். அவருக்கு ஊரில் பெண்டாட்டி இருந்தாளா, காத்திருந்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். கார் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான தமிழில், "போயிட்டு வாரேன்" என்றார். வரவில்லை. நாவல் அச்சில் வந்ததா என்றும் தெரியாது.

புதுத் துரை கத்துகிறவர். லயத்தில் நிம்மதி பிறந்தது. கங்காணி பழைய பேச்சை எடுத்தார், மச்சான் புது வேட்டி கட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் உலாத்தினான். பாக்கியம் விரதம் எதுவும் பிடிக்கவில்லை. ஒருநாள் காலை துணி மூட்டையோடு ஆபீசுக்கு வந்து காம்பராவின் பூட்டுச் சாவியை என் மேஜையில் வைத்தாள்.

"எங்க பாக்கியம்?"

"ஹுத்தான் மெலிந்தாங். அவரு இருக்காரா இல்லையான்னு நானே பாத்துர்றேன். உங்க ராணிக்குக் கப்பல் இல்ல போல. எனக்குக் காலு இருக்கு."

"வழி தெரியுமா?"

"கேட்டுக்கிட்டே போலாம் லா." மூட்டையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "போறேன் கிராணி."

மீதியையும் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "போயிட்டு வாரேன்னு சொல்லும்மா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். காதில் விழுந்ததோ என்னவோ, திரும்பாமல் நடந்துவிட்டாள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒருவன் கம்பு ஊன்றி நொண்டிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாவலில் துரை கிழித்துப்போட்ட தாள்களில் ஒன்று நினைவுக்கு வந்தது. மாரிமுத்துதான்.

"எங்கய்யா இருந்த இத்தனை நாளு? ஹுத்தான் மெலிந்தாங்லயா?"

"அங்க போகவே இல்ல கிராணி. வழியில ஈயச் சுரங்கத்துல வேலை கிடைச்சுது. மண்ணு சரிஞ்சு காலு போச்சு. பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில கிடந்தேன். அப்புறம் நொண்டிக் காலோட அவ முன்னால எப்படி நிக்கறதுன்னு அங்கயே இருந்துட்டேன். பாக்கியம் எங்க?"

சொன்னேன். அவன் கம்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னைத் தேடியா போனா? நான்தான் வாரேன்னு சொல்லிட்டுப் போனேனே."

"சொன்னியா? சண்டை போட்டுட்டுப் போறேன்னு சொன்னதாக் கேள்விப்பட்டேன்."

"சண்டைதான். ஆனா வாசப்படி தாண்டினப்புறம் சொன்னேன் கிராணி. போயிட்டு வாரேன்னு சொன்னேன். அவளுக்குக் கேக்கலயா?"

சொன்னானா, இப்போது சொன்னதாக நினைக்கிறானா, அவள்தான் கோபத்தில் பாதியைக் கேட்காமல் விட்டாளா, யாரைக் கேட்பது? அவன் தலையைத் தூக்கினான்.

"போறப்ப என்ன சொல்லிட்டுப் போனா?"

எனக்குத் தெரியும் அவள் என்ன சொன்னாள் என்று. சொல்லுக்குச் சொல் சொல்வதுதான் என் தொழில். ஆனால் வாய் வரவில்லை.

"போயிட்டு வாரேன்னு சொன்னா" என்றேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்ப நான் இங்கயே இருக்கேன் லா" என்றான். "காம்பரா காலியா இருக்கா?"

காலியாகத்தான் இருந்தது. சாவியை எடுத்துக் கொடுத்தேன்.